உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் பக்கத்து அறை

08.01.1992, புதன்

இன்று கீழே உடுப்புத் தோய்க்கிற அறையின் சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு உருண்டையை எலிப்புழுக்கை என்று நினைத்துப் பேப்பரால் துடைத்தேன். ஈரமாக இருந்தது. விரலில் பட்டது. எலி என் தோள் உயரத்துக்கு ஏறியிருந்து கழிக்குமா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே பக்கத்து அறைக் கதவு திறந்து ஒரு பச்சைத் தலைமயிர்க்காரன் வெளியே வந்தான். என்னைப் பார்த்து "ஹேய்" என்றான். மேலுதட்டுக்குள் விரலை விட்டு அதே மாதிரி ஒரு கறுப்பு உருண்டையைத் தோண்டி எடுத்து அதே சுவரில் அப்பினான்.

புகையிலை. சப்பாமல், பற்றவைக்காமல், உதட்டுக்குள் ஊறப்போட்டுவிட்டு எறிகிற புகையிலை. நான் தொட்டது அவனுடைய எச்சில்.

மேலே ஓடிவந்து கையை மூன்று தரம் கழுவினேன். அப்படியும் பிள்ளையைத் தூக்கப் பயம் விடவில்லை. அவளுக்கு இன்னும் ஆறு கிழமையும் ஆகவில்லை.

பின்னேரம் குகன் பள்ளிக்கூடத்தால் வந்ததும் சொன்னேன். குகன் இவருடைய கடைசித் தம்பி. பதினேழு வயது, எங்களோடு இருக்கிறான்.

"அது ஸ்டெல்லன், அண்ணி. எங்கட பாண்டில பாடுறவன்."

"எங்கட எண்டால்?"

சோற்றைப் பிசைந்தான். "கறியில வெங்காயம் போடேல்லையோ?" என்றான்.

"இந்த வீட்டில போடுறேல்லை எண்டு தெரியும்தானே. கதையை மாத்தாத. எங்கட பாண்ட் எண்டால் என்ன?"

"பிள்ளை அழுறா போலக் கிடக்கு, அண்ணி."

பிள்ளை அழவில்லை. போய்ப் பார்த்தேன், மூச்சு விடுகிறாளா என்று. விட்டாள்.

12.01.1992, ஞாயிறு

விசயம் வெளியே வந்துவிட்டது.

இந்த நாட்டில் மாடிவீடுகளில் தனித்தனியாக உடுப்புத் தோய்ப்பதில்லை. நிலத்துக்குக் கீழே எல்லாருக்கும் பொதுவாக ஓர் அறை. ஆளுக்கொரு சின்னப் பூட்டு, அதில் வீட்டு நம்பர். வேண்டிய நேரத்தில் பலகையில் பூட்டை மாட்டிவிட்டால் அந்த நேரம் எங்களுடையது. இன்னொருவரின் நேரத்தில் ஒரு சொக்ஸைப் போட்டாலும் கொலைக்குற்றம். பிள்ளை பிறந்து நான் படியிறங்க முடியாமல் கிடந்த நாட்களில் பீத்துணிகளைக் குகன்தான் கொண்டுபோனான். நல்ல பிள்ளை, முகம் சுளிக்காமல் செய்கிறான் என்று இவரிடம் சொல்லிச் சந்தோசப்பட்டேன்.

அங்கே அவன் என்ன செய்திருக்கிறான்? மெஷின் சுற்றும்வரை அதன் மூடியில் என்னுடைய இரண்டு மரக்கரண்டிகளால் அடித்திருக்கிறான். ஊரில் கல்லூரி பாண்டில் இவனுக்கு சைட் ட்றம். விளையாட்டுப் போட்டியில் மாணவர் இல்லங்கள் அணிநடை போகும்போது அடிக்கிற அடி இருக்கிறதே, அதை மூன்று மடங்கு வேகத்தில் அடித்தானாம். பக்கத்து அறையில் மூன்று வெள்ளைப் பொடியள். அவர்களுடைய ட்றம்காரன் ஸ்கேற்போட் என்கிற சில்லுப்பலகையால் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு போய்விட்டானாம். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

"ஸ்டெல்லன் சொன்னான், இந்த ஊரிலயே இவ்வளவு வேகமா ஒருத்தரும் அடிக்கிறேல்லையாம்" என்றான் குகன். முகம் முழுக்க வெளிச்சம்.

ஆக, அந்தப் பாண்ட் பிறந்தது என் பிள்ளையின் பீத்துணியில். நினைக்க ஓங்காளம் வருகிறது.

இவர் பிஸ்கட் தொழிற்சாலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "விடுமப்பா. றோட்டில திரியாமல் வீட்டுக்குக் கீழதானே நிக்கிறான்."

கரண்டிகளைக் குப்பையில் போட்டேன்.

19.01.1992, ஞாயிறு

படிக்கட்டில் யாரோ சத்தி எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பச்சைத்தலையன் இல்லையாம், பேஸ் கிற்றார்க்காரனாம். யாருடையது என்று ஆராய நான் என்ன வைத்தியரா?

24.01.1992, வெள்ளி

கீழ்வீட்டு இங்கெர் முன்பு பல்வைத்தியரிடம் உதவியாளராக இருந்தவ. இன்னும் யார் கதைத்தாலும் பல்லைத்தான் பார்ப்பா. இன்று உடுப்புத் தோய்க்கிற அறையில் நான் சுவரைக் காட்டிப் புலம்ப, "நீர் ஏன் என்னட்டச் சொல்லுறீர்? எழுதி ஒட்டும்" என்றா.

இங்கே கோபம் வந்தால் யாரும் வாயைத் திறப்பதில்லையாம். எழுதி, உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒட்டிவிட்டுப் போவார்களாம். நாகரிகமாம். எங்கள் ஊர் ஒழுங்கையில் என்றால் வேலிக்கு மேலால் எட்டி நாலு கேள்வி கேட்டால் முடிந்துவிடும்.

வகுப்பில் படித்த சுவீடிஷ் எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்து எழுதினேன். அகராதியில் இரண்டு தரம் சரி பார்த்தேன். "உங்கள் எச்சில் உங்கள் வாய்க்குள்ளேயே இருக்கட்டும். இங்கே பச்சைப் பிள்ளையின் உடுப்பு காய்கிறது." கையெழுத்து வைக்கவில்லை. வைப்பதில்லையாம்.

26.01.1992, ஞாயிறு

என் கடதாசிக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள்: "அருமையான வரி! நன்றி!" பக்கத்தில் வாயைத் திறந்த மண்டையோட்டுப் படம்.

சுவரில் புதிதாக மூன்று உருண்டைகள்.

02.02.1992, ஞாயிறு

அந்த வரியைப் பாட்டாக்கிவிட்டார்கள். தண்ணீர்க் குழாய்வழியே மேலே கேட்கிறது. பாட்டு என்றால் பாட்டா? நாலு பேர் நாலு பக்கம் ஓடுகிறார்கள், யார் முதலில் முடிப்பது என்று. ஒரு பாட்டுக்கு ஒன்றரை நிமிசம். அதற்குள் "எச்சில்" என்ற சொல் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணப் பார்த்து விட்டுவிட்டேன்.

இதற்கு ஸ்கேற் பங்க் என்று பெயர் என்கிறான் குகன். சில்லுப்பலகை ஓடுகிற பொடியளின் இசையாம். வெளியே பனி கொட்டிக்கிடப்பதால் நிலக்கீழ் நடைவழியிலேயே பலகை ஓடுகிறார்கள். விழுகிறார்கள். முழங்கால் தோலை உரித்துக்கொண்டு, அந்த இரத்தத்தோடு போய்ப் பாடுகிறார்கள். பாண்டின் பெயர் கிழமைக்குக் கிழமை மாறும். போன கிழமை "அழுகின பல்". இந்தக் கிழமை "இரத்தச் சொக்ஸ்".

குகன் தலையின் ஒரு பக்கத்தைச் சிரைத்துக்கொண்டு வந்து நிற்கிறான். தலைநகரில் எவனோ கறுத்தத் தலைமயிர்க்காரரைத் தேடித் தேடிச் சுடுகிறான் என்று ரீவியில் சொல்கிறார்கள். இவன் அரைத் தலையோடு இரவில் பஸ் ஏறுகிறான். ஏசினேன்.

"அரைவாசிதானே கறுப்பு, அண்ணி. குறி தப்பும்."

இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் அடிக்கிற நேரத்தில் பிள்ளை நித்திரையாகிறாள். மூன்றாம் நாளாகக் கவனிக்கிறேன். அந்த நேரம் அவளுக்கு இயல்பாகவே நித்திரை வருகிற நேரம், அவ்வளவுதான்.

11.02.1992, செவ்வாய்

குகன் சாப்பிட வரவில்லை என்று கூப்பிடப் போனேன். முதல் தரமாக அந்த அறைக்குள் பார்த்தேன்.

பல்கலைக்கழகத்தில் நான் தாவரவியல். பூஞ்சணப் பங்கசுகளை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து வரைந்தவள். அந்தச் சுவரில் இருந்த அத்தனை வகையையும் ஆய்வுகூடத்தில்கூட ஒன்றாகக் கண்டதில்லை. கறுப்பு, பச்சை, ரோசா. குழாயில் ஈரச் சொக்ஸ்கள். பியர் ரின்னுக்குள் மூழ்கிய சிகரெட் கட்டைகள். மூலையில் பாதி தின்ற சொசேஜ். சில்லுப்பலகைகள், உடைந்த கதிரைகள், மெத்தை, பழைய சைக்கிள்கள். ஆள் நிற்க இடமில்லை.

கதவுதான் விளங்கவில்லை. ஒரு சாண் தடிப்பில் இரும்பு. உள்ளிருந்து பூட்ட இரண்டு பெரிய கைப்பிடிகள். யன்னல் இல்லை. கதவுக்கு மேலே செம்மஞ்சள் சதுரம், அதற்குள் நீல முக்கோணம்.

"இது என்ன அறை?"

"பங்கர், அண்ணி. எல்லா மாடிவீட்டுக்குக் கீழயும் இருக்கு. யுத்தம் வந்தால் ஒளிக்க. இஞ்சதான் யுத்தமே வாறேல்லையே, சும்மா கிடக்குது எண்டு எங்களுக்குத் தந்திருக்கினம்."

மேலே வந்து சத்தி எடுத்தேன். மத்தியானம் வாங்கிய மீன் சரியில்லைப்போல.

அந்த மணத்தை எழுத வராது.

12.02.1992, புதன்

இவரிடம் சொன்னேன், அந்தப் பொடியளை அங்கேயிருந்து எழுப்பவேண்டும் என்று.

"சும்மா கிடக்கிற இடம்தானே, சுபோ. உமக்கு என்ன?"

"சும்மா கிடக்குது எண்டு சாமான் அடைக்கிற இடமோ அது?"

நான் அவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்கத் தேவையில்லை. பிள்ளை எழும்பிவிட்டாள். இவர் அவளைத் தூக்கிக்கொண்டு யன்னலடியில் நின்றார். பிறகு, "சரி, செய்யும். குகன்ர முகத்தைப் பாத்துக்கொண்டு செய்யும்" என்றார்.

20.02.1992, வியாழன்

கதவு கதவாகத் தட்டிக் கையெழுத்து வாங்கினேன். பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு போனதால் ஒருவரும் மறுக்கவில்லை. இங்கெர் முதலாவதாக வைத்தா. சத்தம், சத்தி, எச்சில், பியர், பங்கசு: எல்லாம் எழுதி வீட்டுப் பொறுப்பாளர் பெர்த்திலிடம் கொடுத்தாயிற்று. தாடிக்கார மனிதர், எதைக் கேட்டாலும் முதலில் கோப்பி வேண்டுமா என்பார்.

குகனுக்குத் தெரிந்துவிட்டது. படிவழியே வந்து வாசலில் நின்றான்.

"நீங்கள்தானோ அண்ணி?"

"ஓம். நான்தான்."

"ஏப்ரலில கசெற் அடிக்கப் போறம். ஆறு பாட்டு. அதுக்குப் பிறகு எழுப்பியிருக்கலாமே."

"வேற இடம் பாருங்கோ."

"ஆர் தருவினம்?" சிரைத்த பக்கத்தைச் சொறிந்தான். "இஞ்ச வந்து இவ்வளவு நாளில, உன்ர ஊர் எங்க, ஏன் வந்தனி எண்டு கேளாமல் 'இன்னும் வேகமா அடி' எண்டு மட்டும் சொன்னது அவங்கள்தான், அண்ணி."

சாப்பிடாமல் படுத்துவிட்டான். கறியைக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். அவன் அறையெல்லாம் அந்த நாற்றம்.

02.03.1992, திங்கள்

பிள்ளையும் இவரும் படுத்துவிட்டார்கள். இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

பின்னேரம் மூன்று மணி. அடுப்பில் பருப்பு. பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். முதலில் தூரத்தில் மாடு கத்துவது போல ஒரு சத்தம். பிறகு கூரைக்கு மேலே. ஊதியது, நின்றது, ஊதியது. ஊர்ச் சத்தம் வேறு. ஆனால் சைரன் என்றால் உடம்புக்குத் தெரியும்.

ஈரப் பிள்ளையைத் துவாயில் சுற்றினேன். செருப்பு இல்லை. படி. தோய்க்கிற அறை. இரும்புக் கதவு.

அவர்கள் உள்ளே அடித்துக்கொண்டிருந்தார்கள். புகுந்து, முதுகால் கதவைத் தள்ளிச் சாத்தினேன். அதற்குப் பிறகு நடந்தது குகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "குந்து! எல்லாரும் கீழ குந்து!" என்று தமிழில் கத்தினேனாம். சில்லுப்பலகைகளையும் கதிரைகளையும் வெறுங்காலால் உதைத்து, "இதுகளை வெளியில எறி, இடமில்லை, இடமில்லை" என்றேனாம். "வதனாவுக்கு இடம் விடு" என்றேனாம்.

நான் அப்படிச் சொல்லவில்லை. அவனுக்குக் கற்பனை.

எனக்குத் தெரிந்தது இதுதான்: கண்ணைத் திறந்தபோது மூன்று வெள்ளைப் பொடியளும் சுவரோரமாகக் குந்தியிருந்தார்கள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர்கள். கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, நான் எப்படி இருந்தேனோ அப்படியே. ஒருத்தனும் சிரிக்கவில்லை.

"பரிசோதனை, அண்ணி" என்றான் குகன், என் தோளைப் பிடித்துக்கொண்டு. "மூண்டு மாசத்துக்கு ஒருக்கால் ஊதிப் பாக்கிறவங்கள். முதல் திங்கள், மூண்டு மணி. நான் சொல்லியிருக்கவேணும். நான் மறந்துபோனன்."

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த காட்டுக் கிராமத்தில் சைரன் இல்லை. போன டிசம்பரில் ஊதியபோது நான் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில்.

பிறகு அவன் அவர்களுக்குச் சுவீடிஷில் சொன்னான். மெதுவாகச் சொன்னதால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. கொஞ்ச நாள் சண்டை இல்லாமல் இருந்தபடியால் அண்ணி வீட்டுப் பங்கருக்குள்ள வெங்காயம் கட்டி வைச்சிருந்தவை. பிறகு திடீரெண்டு பிளேன் வந்தது. இருந்த இடத்துக்குள்ள தாயும் அண்ணியும்தான் இருக்கலாம். தங்கச்சி வதனா வெளியில நிண்டவ.

அது அவனுடைய கதை இல்லை. யார் அவனைச் சொல்லச் சொன்னது?

பிள்ளைக்கு நடுக்கம். ஸ்டெல்லன் தன் சுவெற்றரைக் கழற்றி நீட்டினான். வியர்வை, பியர், நனைந்த நாய், புகையிலை, எல்லாம் அதில் இருந்தது. வேறு வழியில்லாமல் பிள்ளையைச் சுற்றினேன். அந்தக் கழிசடை உடுப்புக்குள் அவள் கொட்டாவி விட்டாள்.

பருப்புச் சட்டி கரிந்துவிட்டது. எறிந்தேன். பிள்ளையை இரண்டு தரம் குளிப்பாட்டினேன்.

03.03.1992, செவ்வாய்

இவர் வேலைக்குப் போகவில்லை. பகல் முழுக்கப் பிள்ளையை அவர்தான் வைத்திருந்தார்.

06.03.1992, வெள்ளி

பெர்த்தில் வந்தார். நல்ல செய்தி என்றார். மாடிவீட்டார் கூட்டத்தில் ஒப்புக்கு எடுத்துவிட்டால் மாத முடிவோடு பொடியள் வெளியே. அறையைப் பூட்டி, சைக்கிள்களும் பழைய தளபாடங்களும் வைக்கலாம்.

"சாவி?"

"என்ர கந்தோரில. பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"யுத்தம் வந்தால்?"

"அதுக்குச் சட்டம் இருக்கு, கவலைப்படாதையும். அறிவிச்சு நாப்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள்ள நாங்கள் எல்லாத்தையும் எடுத்துத் துப்பரவாக்கித் தரவேணும்."

"ஆர் அறிவிக்கிறது?"

"அரசாங்கம்."

"பிளேன் ஓட்டுறவன் அரசாங்கத்திட்டச் சொல்லி, நாப்பத்தெட்டு மணித்தியாலம் நிண்டுபோட்டோ வருவான்?"

சிரித்தார். நல்ல மனிதர்தான். தாடியில் கோப்பியோடு தின்ற பணிஸ் துகள். அந்தத் துகள் சிரிப்போடு சேர்ந்து ஆடியது. இருநூறு பேர் இந்த மாடிவீட்டில் இருக்கிறார்கள். எல்லாரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் சாவியை வைத்துவிட்டு நித்திரை கொள்கிறார்கள்.

அன்றைக்குக் கதவு திறந்திருந்தது. அந்த ஊத்தைகள் உள்ளே இருந்தபடியால்தான் திறந்திருந்தது. இதை எழுதவே பிடிக்கவில்லை.

"கையெழுத்தைத் திருப்பி எடுக்கலாமோ?" என்று கேட்டேன்.

"உம்மட கையெழுத்து மட்டும் இல்லையே" என்றார்.

14.03.1992, சனி

அதே கதவுகள், அதே பிள்ளை நெஞ்சோடு. போன மாதம் எழுப்பச் சொன்னவள் இந்த மாதம் எழுப்பவேண்டாம் என்கிறாள் என்றால் யார் மதிப்பார்கள்? மூன்றாம் மாடிக்காரன் கதவைப் பாதி திறந்து, "நீங்கள் உங்கட ஆக்களோடயே முதலில கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ" என்றான். காதுக்குள் மயிர். அடுத்த கதவைத் தட்டினேன்.

இரண்டு வீட்டார் சம்மதித்தார்கள். மற்றவர்கள் கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். குகனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சாப்பாட்டுக் கோப்பையை மட்டும் கழுவி வைக்கிறான்.

22.03.1992, ஞாயிறு

கூட்டம். நீள மர வாங்குகள், கோப்பி, கறுவாப் பணிஸ். இந்த நாட்டில் கொலை வழக்கையும் கறுவாப் பணிசோடுதான் விசாரிப்பார்கள்.

பொடியள் நாலு பேரும் பின்வரிசையில். ஸ்டெல்லன் பச்சைத் தலையைத் தண்ணீர் போட்டு வகிடெடுத்து வந்திருந்தான். பார்க்க இன்னும் அருவருப்பாக, அரியண்டமாக இருந்தது, புல்லை இழுத்துச் சீவியது போல. மூன்றாம் மாடிக் காதுமயிர்க்காரன் சத்தம் பற்றிச் சொன்னான். இங்கெர் சுவரில் ஒட்டுகிற புகையிலை பற்றிச் சொன்னா, பல்முரசுக்கு அது என்னென்ன செய்யும் என்பதையும் சேர்த்து. எல்லாம் நான் எழுதிக் கொடுத்தவைதான். என் வாயாலேயே எனக்கு அடி.

பெர்த்தில் என்னைப் பார்த்தார். எழும்பினேன். மூன்று நாளாகச் சுவீடிஷில் பாடமாக்கிய பேச்சு ஒன்றிருந்தது. வாங்கின் விளிம்பைப் பிடித்ததோடு அது போய்விட்டது.

"அவங்கள் நாறுறாங்கள்" என்றேன். "அது உண்மை. நான் எழுதினது எல்லாம் உண்மை. ஆனால் அவங்கள் இருந்தால் கதவு திறந்திருக்கு."

"அப்ப உங்களுக்கு நாத்தம்தான் வேணுமோ?" என்றான் காதுமயிர்.

"எங்கட பங்கருக்குள்ள வெங்காயம் இருந்தது" என்றேன்.

ஒருவருக்கும் விளங்கியிருக்காது. காதுமயிர்க்காரன் பக்கத்திலிருந்தவரிடம் "வெங்காயமோ?" என்று கேட்டான். பின்வரிசையில் குகன் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்டெல்லன் மட்டும் நேரே என்னைப் பார்த்தான்.

இங்கெர் கையிலிருந்த பணிசைக் கோப்பையில் வைத்தா. அவவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. "சைக்கிளும் கதிரையும் எடுபடட்டும்" என்றா. "பொடியள் இருக்கட்டும், ஆனால் பெரிய ஆள் ஒருவர் பொறுப்பெடுக்கவேணும். சாவி அவரிட்ட. இரவும் பகலும் இந்த வீட்டில இருக்கிற ஆள்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கைகள் உயர்ந்தன. காதுமயிர்க்காரனும் கடைசியில் அரைக் கையை உயர்த்தினான், கோப்பி ஆறுகிறது என்பதற்காக.

ஆக, தாவரவியல் சிறப்புப் பட்டதாரி, ஒரு பிள்ளைக்குத் தாய், இன்று தொடக்கம் இரத்தச் சொக்ஸுக்குப் பொறுப்பாளர். படியில் ஏறும்போது குகன் பின்னால் வந்தான்.

"அண்ணி."

"என்ன?"

"பசிக்குது."

05.04.1992, ஞாயிறு

கையுறை, முகத்துணி, குளோரின். நாலு பேரையும் வரிசையில் விட்டுச் சுவர் தேய்ப்பித்தேன். மெத்தையைத் தூக்கியபோது கீழே கிடந்ததை எழுதமாட்டேன். பேஸ் கிற்றார்க்காரன் அதைப் பார்த்துத் தானே சத்தி எடுக்கப் போனான்; படிக்கட்டுக்குப் போகாதே, வாளிக்குள் எடு என்றேன்.

சப்பாத்து வாசலில். பலகை நடைவழியில். புகையிலை வாய்க்குள் அல்லது குப்பைக்குள். எழுதி ஒட்டினேன். இந்த முறை கையெழுத்தும் வைத்தேன்.

சொக்ஸோடு நின்று அடிக்கிறார்கள். சப்பாத்து நாற்றம் போய்ச் சொக்ஸ் நாற்றம் வந்திருக்கிறது. எது மோசம் என்று முடிவு செய்ய முடியவில்லை.

ஆனால் சுவரோரம் வெறுமையாக இருக்கிறது. அளந்து பார்த்தேன். நிறையப் பேர் இருக்கலாம்.

25.04.1992, சனி

கசெற் அடித்துவிட்டார்கள். இரவல் வாங்கிய ஒரு பெட்டியில், அந்த அறையிலேயே. ஒரு பாட்டின் நடுவில் என் குரல் கேட்கிறது, வாசலில் நின்று சப்பாத்தைப் பற்றி ஏசுகிறேன். அழிக்கச் சொன்னேன். அதுதான் கசெற்றிலேயே நல்ல இடம் என்கிறான் ஸ்டெல்லன்.

பெயரையும் மாற்றிவிட்டார்கள். "நாற்பத்தெட்டு மணித்தியாலம்." பெர்த்திலோடு நான் கதைத்ததைக் குகன் போய்ச் சொல்லியிருக்கிறான். இந்த வீட்டில் எதையும் வாய் திறந்து சொல்ல முடியாது, பாட்டாக்கிவிடுவார்கள்.

இவர் கசெற்றைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் குதித்தார். உடுப்பிலிருந்து பிஸ்கட் மா பறந்தது. "உம்மட எச்சில் பாட்டு நல்லாத்தான் கிடக்குது, சுபோ" என்றார்.

முழுக்கக் கேட்டேன். ஆறு பாட்டும். தலையிடி.

31.05.1992, ஞாயிறு

நாளைக்கு முதல் திங்கள்; மூன்று மாதமாகிறது. காலையிலிருந்து மூன்று தரம் அடுப்பைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த குகன் கோப்பையைப் பார்த்தபடி, "நாளைக்கு ரெண்டே முக்காலுக்குக் கீழ வாங்கோ, அண்ணி. குட்டியையும் கொண்டு வாங்கோ. பள்ளிக்கூடத்தில சொல்லிப்போட்டு வாறம்" என்றான்.

"எனக்குப் பயமில்லை."

"ஆர் பயமெண்டது? புதுப் பாட்டொண்டு இருக்கு."

01.06.1992, திங்கள்

போனேன். சும்மாதான், அறை துப்பரவாக இருக்கிறதா என்று பார்க்க.

இல்லை. குழாயில் மறுபடியும் சொக்ஸ். சொசேஜ் மணம்; அவர்கள் அதற்குமேல் பொரித்த வெங்காயம் தூவித் தின்பவர்கள். ஸ்டெல்லன் என்னைக் கண்டதும் கையிலிருந்ததை வெளியே கொண்டுபோய் எறிந்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. சுவரோரம் ஒரு கதிரை, அதில் கழுவிய துவாய் விரித்திருந்தது. கழுவியது என்று அவர்கள் சொன்னார்கள். பிள்ளையின் காதுக்குப் பஞ்சு வைத்து, தொப்பியை இழுத்து, என் கையாலும் பொத்தினேன்.

பேஸ்காரன் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி இரண்டு கைப்பிடியையும் திருப்பினான். சாவி என் கழுத்தில் இருந்தது. பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றுக்கு இரண்டு நிமிசம் இருக்கக் குகன் தடிகளைத் தூக்கி மூன்று தரம் தட்டினான்.

என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமான சத்தத்தைக் கேட்டதில்லை. ஒரு பாட்டு முடிய அடுத்தது என்று இல்லை, மூச்சு விடாமல் அடித்தார்கள். பச்சைத்தலையன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். எச்சில் மழை போலப் பறந்தது, சட்டம் போட்டும் பயனில்லை. வியர்வை கூரையில் பட்டு என் கையில் சொட்டியது. குகன் வாயைப் பிளந்துகொண்டு, கண்ணைக் கடிகாரத்திலேயே வைத்து, அணிநடை அடியைப் பேய் பிடித்தவன் மாதிரி அடித்தான். ஒரு தரம் தடி முறிந்து பறந்தது. நிற்கவில்லை, அடுத்ததை எடுத்தான். என் முதுகுக்குப் பின்னால் சுவர் அதிர்ந்தது. பல்லுக்குள் அதிர்ந்தது. நெஞ்சில் பிள்ளை அதிர்ந்தாள்; பார்த்தால் நித்திரை.

மூன்று பத்துக்கு ஸ்டெல்லன் கையை உயர்த்தினான். நின்றார்கள். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள், நாய்கள் மாதிரி இளைத்துக்கொண்டு.

"எப்பிடி, அண்ணி?"

"அரியண்டம்" என்றேன். "கதவைத் திறவுங்கோ, மூச்சு முட்டுது."

"என்ன சொல்லுறா?" என்று ஸ்டெல்லன் கேட்டான். குகன் மொழிபெயர்த்தான். ஸ்டெல்லன் பெரிய பரிசு கிடைத்தது போலச் சிரித்தான். பல்லில் புகையிலை.

முற்றத்தில் நல்ல வெயில். இங்கெர் யன்னலால் எட்டி, "இந்த முறை சைரன் பெரிய சத்தமாத்தான் ஊதினவங்கள், என்ன? என்ர கண்ணாடிக் கோப்பையெல்லாம் ஆடிச்சுது. கேட்டதோ?" என்றா.

எனக்குக் கேட்கவில்லை.

பிள்ளையின் தொப்பியில் அவர்களுடைய மணம் ஏறிவிட்டது. கையால் இரண்டு தரம் தோய்த்தேன், போகவில்லை. நாளைக் காலை எட்டு மணி என்னுடைய முறை. பூட்டை மாட்டிவிட்டு வந்தேன்.